34 ஆண்டுகள் கழித்துப் பிறந்த பாட்டு

'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் போல ஆகியிருக்கும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஓடிஸ் ரெடிங் முதல் அடிகளை அவசரமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் தாழ்ந்த குரலில் சொல்வதுபோலப் பாடி முடித்திருப்பார். அப்போதுதான் அந்தச் சத்தம் உள்ளே வரும். டிக், டிக், டிக், டிக். டிரம்மின் தோலில் விழும் அடி அல்ல அது. விளிம்பில் குச்சியைக் கிடத்தித் தட்டும் வறண்ட சத்தம். தூக்கம் வராத இரவில் சுவர்க்கடிகாரம் இப்படித்தான் கேட்கும்.

பாடுகிறவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். அவர் தன் பாட்டுக்கு மெதுவான விளம்ப காலத்திலேயே போய்க்கொண்டிருப்பார். குச்சி மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல: தாளம் அதேதான், காலம் மட்டும் மாறியிருக்கிறது. குரல் முதல் காலத்தில், டிரம் இரண்டாம் காலத்தில். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இழுபறி. குரல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும், எப்போது அந்த வேகத்துக்குள் விழும் என்று நமக்கே ஒரு பதைப்பு வந்துவிடும். நாலு நிமிடம்கூட ஓடாத பாட்டு அது. முடிவதற்குள் மெதுவாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதர் மேடையே அதிரும்படி கத்திக்கொண்டிருப்பார்.

'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' என்றால் உலகம் நினைத்துக்கொள்வது 1966-இல் வந்த இந்தப் பதிவைத்தான். ஆனால் பாட்டு எழுதப்பட்டது 1932-இல், ரெடிங் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு. அவர் கைக்கு வரும்போது அது பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா என்று பெரிய பெரிய குரல்களைப் பார்த்துவிட்ட பழைய பாட்டு. ஒரு பாட்டை முதலில் பாடியவர் யார் என்பது ஒரு கேள்வி. அந்தப் பாட்டு யாருடையது என்பது முற்றிலும் வேறு கேள்வி. இந்த இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகமுடியும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதியவர்கள் மூன்று பேர். ஜிம்மி கேம்பல், ரெஜ் கானலி இருவரும் லண்டன்காரர்கள். சேர்ந்து பாட்டு எழுதி, சேர்ந்தே இசைப் பதிப்பகமும் நடத்தியவர்கள். மூன்றாமவர் ஹாரி உட்ஸ், அமெரிக்கர். அவருக்குப் பிறவியிலேயே இடது கையில் விரல்கள் இல்லை. அப்படியும் பியானோவில் உட்கார்ந்து பாட்டுக் கட்டியே பிழைத்தவர், அதில் பெயரும் எடுத்தவர். முன்கோபி என்றும் பெயர். மதுக்கடையில் அவர் ஒருவரைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, "யார் இந்த முரடன்?" என்று யாரோ கேட்க, "இவர்தான் 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' எழுதியவர்" என்று கூட வந்தவர் பதில் சொன்னதாக இசை வட்டாரத்தில் ஒரு கதை காலங்காலமாக உலவுகிறது.

தலைப்பில் உள்ள 'டெண்டர்னஸ்' என்ற சொல்லை நாம் பரிவு எனலாம், கனிவு எனலாம், இதம் என்றும் சொல்லலாம். தலைப்பின் தொனி என்னவோ நம் வீட்டுப் பேச்சில் அப்படியே இருக்கிறது: "கொஞ்சம் இதமாத்தான் பேசிப் பாரேன்." ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் சொல்லும் புத்திமதி. வீட்டில் இருக்கும் பெண் சோர்ந்துபோயிருக்கலாம், போட்ட உடையையே திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துப்போயிருக்கலாம், அவள் அப்படி இருக்கும்போது கொஞ்சம் பரிவு காட்டு என்பதுதான் சாரம். அந்தப் பழைய உடை சும்மா அலங்காரத்துக்கு வந்ததல்ல. 1932 என்பது உலகப் பொருளாதாரம் சரிந்துகிடந்த பெருமந்தத்தின் நடுப்பகுதி. வேலையில்லாத வீடுகளில் பெண்கள் ஒரே உடையை மாற்றி மாற்றித் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம். கடையில் தொங்கும் பொருளை வாங்கமுடியாமல் ஏங்கி நிற்பதும் பாட்டில் வருகிறது. காதல் பாட்டு என்று எல்லோரும் சொன்னாலும், அடியில் ஓடுவது வறுமை. பின்னால் வந்த பல பாடகர்கள் இதை மறந்துவிட்டுத்தான் பாடினார்கள் என்பது என் வருத்தம்.

1932 டிசம்பர் 8-ஆம் தேதி ரே நோபிள் இசைக்குழு லண்டனில் இதை முதலில் பதிவு செய்தது. பாடியவர் வால் ரோஸிங். அதே ஆண்டு ஹென்றி ஹால் குழுவோடு 'டெடி பேர்ஸ் பிக்னிக்' என்ற குழந்தைப் பாட்டைப் பாடியவரும் இவர்தான். அந்தப் பதிவை இன்று கேட்டால் நல்ல ஓட்டல் ஒன்றின் நடன அறைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். குரலில் ஒரு கசங்கல் இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ரூத் எட்டிங்கும் பிங் கிராஸ்பியும் பாடினார்கள். சினாட்ரா 1945-இல் பதிவு செய்தார், 1960-இல் 'நைஸ் அண்ட் ஈஸி' தொகுப்புக்காக மீண்டும் பாடினார். எல்லோரும் கையாண்டது ஒரே வழி: மெதுவாக, மென்மையாக, குரலை உயர்த்தாமல். கனிவைப் பற்றிய பாட்டைக் கனிவாகப் பாடவேண்டும் என்ற நியாயமான எண்ணம்.

1964 ஆனபோது அது அரதப்பழசான பாட்டாகிவிட்டது. ஸ்டான்லி குப்ரிக் தன் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தின் தொடக்கத்தில் இதன் வாத்திய வடிவத்தை ஓடவிட்டார். திரையில் குண்டுவீச்சு விமானம் ஒன்றுக்கு இன்னொரு விமானம் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கும். பின்னணியில் இந்த இனிப்பான மெட்டு. யாருக்கும் தெரிந்த, யாரையும் எதுவும் செய்யாத மெட்டு என்று ஆகிவிட்டதால்தான் அந்தக் காட்சிக்கு அது பொருந்தியது.

இதற்கிடையில் கறுப்பினப் பாடகர்கள் இதைக் கையில் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அரீதா ஃபிராங்க்ளின் 1962-இல் பாடினார், இருபது வயதில். அவருக்குள் இருந்த தேவாலயக் குரலை என்ன செய்வதென்று தெரியாமல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் பழைய பாட்டுகளாகப் பாடவைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருந்தாலும் அவர் வாயில் வரும்போது பாட்டின் முகமே திரும்பிவிடுகிறது. ஆண் ஆணுக்குச் சொன்ன புத்திமதியை இப்போது சோர்ந்துபோன பெண்களின் பக்கத்திலிருந்து ஒருத்தி சொல்கிறாள். இரண்டு ஆண்டு கழித்து சாம் குக் நியூயார்க்கின் கோபகபானா இரவு விடுதியில் இதை ஒரு கதம்பப் பாட்டின் தொடக்கமாகப் பாடினார். அந்த விடுதியின் மேடை வெள்ளையர் உலகத்துக்குள் நுழையும் வாசல். குக் அங்கே பாடியதன் ஒலிப்பதிவு அதே ஆண்டு இசைத்தட்டாக வந்தது. தென் மாநிலங்களில் இருந்த இளம் கறுப்பினப் பாடகர்கள் அதைத் தேய்த்தே தீர்த்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரத்து ஓடிஸ் ரெடிங்.

ரெடிங்குக்கு சாம் குக் மேல் இருந்தது பக்தி. 1964 டிசம்பர் 11-ஆம் தேதி குக் லாஸ் ஏஞ்சலஸில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ரெடிங் வெளியிட்ட 'ஓடிஸ் புளூ' தொகுப்பில் மூன்று பாட்டுகள் குக் பாடியவை. 'டெண்டர்னஸ்' பாட்டையும் அந்தக் கண்ணியின் தொடர்ச்சியாகத்தான் பார்க்கவேண்டும். அவர் எடுத்துக்கொண்டது 1932-இன் லண்டன் பாட்டை அல்ல; குருவாக நினைத்தவர் தொட்டுவிட்டுப் போன பாட்டை.

பதிவு நடந்த இடத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மெம்ஃபிஸ் நகரத்தில் மெக்லமோர் அவென்யூவில் 'கேபிடல்' என்று ஒரு பழைய சினிமா கொட்டகை. ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் அதை வாடகைக்குப் பிடித்து ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கினார்கள். இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 'ஸ்டாக்ஸ்' என்று பெயர். கொட்டகையின் நாற்காலிகளைப் பெயர்த்து எடுத்தார்களே தவிர, சரிவான தரையைச் சமமாக்கவில்லை. திரை இருந்த இடத்தில் கட்டுப்பாட்டு அறை. அந்தச் சரிவும் உயரமான கூரையும் சேர்ந்து ஸ்டாக்ஸ் பதிவுகளுக்கு ஒரு தனி எதிரொலியைக் கொடுத்தன என்று அங்கே வாசித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நிறப் பாகுபாடு ஊறிக் கிடந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த இடம் அது. புக்கர் டி. ஜோன்ஸ் ஆர்கன், ஸ்டீவ் க்ராப்பர் கிட்டார், டொனால்ட் டன் பாஸ், அல் ஜாக்சன் டிரம். முதலாமவரும் கடைசியானவரும் கறுப்பர்கள், நடுவில் உள்ள இருவர் வெள்ளையர்கள். ரெடிங் அங்கே முதலில் வந்தது 1962-இல், ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞரின் காரோட்டியாக. அன்றைய பதிவு முடிந்து மிஞ்சிய நேரத்தில் பாடவிட்டார்கள். அதிலிருந்து எழுந்தவர்.

1966 செப்டம்பரில் 'டெண்டர்னஸ்' பதிவானது. பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஐசக் ஹேய்ஸ் அப்போது ஸ்டாக்ஸில் பாட்டு எழுதிக்கொண்டும் பியானோ வாசித்துக்கொண்டும் இருந்தார். பாட்டின் கட்டமைப்பில் அவர் கை பெரியது. தொடக்கத்தில் தாளமே இல்லாமல் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வரும். யாரோ நெஞ்சு கனக்க வாசலில் வந்து நிற்பதுபோல. பிறகு குரல். ரெடிங் வரிகளை எழுதியபடியே பாடவில்லை. நினைவில் இருப்பதைச் சொல்வதுபோல, சொற்களை மாற்றியும் விழுங்கியும் போகிறார். சினாட்ரா ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்துப் பாடிய இடங்களில் இவர் தடுமாறுகிறார், மூச்சு வாங்குகிறார். சோர்வைப் பற்றிப் பாடும்போது குரலே சோர்ந்திருக்கிறது.

அதன் பிறகு அந்த டிக்-டிக். அது அல் ஜாக்சனின் கொடை. ஒரு விளம்பப் பாட்டுக்குள் இரட்டை வேகத்தைச் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். டிரம்மர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை: வேகத்தை அறிவித்துவிட்டு உரக்க அடிக்காமல் காத்திருப்பது. ஒன்றன்பின் ஒன்றாக மற்ற வாத்தியங்கள் சேர்கின்றன. ஆர்கன் கனக்கிறது, கிட்டார் கூர்மையாகிறது, பிறகு முழு டிரம்மும் விழுகிறது. 32 தாள அளவுகளில் அடங்கிய பழைய பாட்டின் சட்டகம் அந்த இடத்தில் உடைந்துபோகிறது. பாட்டு எழுதியவர்கள் கொடுத்த சொற்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மீதியை ரெடிங் தானே உண்டாக்கவேண்டும். பிடி, அணைத்துக்கொள், சீண்டாதே, விட்டுப் போகாதே என்று துண்டு துண்டாகக் கட்டளைகள் வருகின்றன. அதற்கும் பிறகு சொல்லே இல்லை, வெறும் ஒலிகள், 'காட்டா' 'நா நா' என்று. நம் பாடகர்கள் ஒரே வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்து, கடைசியில் சொல்லைத் தாண்டி ஸ்வரத்துக்குப் போவார்களே, அந்தப் பயணம்தான் இது. அங்கே இலக்கணம் வழிநடத்துகிறது. இங்கே கறுப்பினத் தேவாலயத்தில் பிரசங்கம் பாட்டாகிப் பாட்டு கூவலாகும் மரபு வழிநடத்துகிறது.

எனக்கு இதில் மிகப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். முதல் அடியில் அவர் புத்தி சொல்கிற நண்பர். கடைசி அடியில் அவருக்கே தாங்கவில்லை. கனிவு என்பது குரலைத் தாழ்த்திக்கொள்வது என்று முப்பது ஆண்டுகளாக எல்லோரும் நினைத்துப் பாடிய பாட்டில், கனிவுக்கு இப்படி ஒரு மூர்க்கம் உண்டு என்று கண்டுபிடித்தவர் அவர்.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பின இசை) வெற்றிப் பட்டியலில் 4-ஆம் இடத்துக்கும், பொதுப் பட்டியலில் 25-ஆம் இடத்துக்கும் வந்தது. நல்ல வெற்றி, ஆனால் பெரும் பாய்ச்சல் அல்ல. பாட்டின் உண்மையான உருவம் மேடையில்தான் தெரிந்தது. 1967 ஜூன் 17 சனிக்கிழமை இரவு, கலிஃபோர்னியாவின் மான்டரே பாப் விழாவில் அவர் அன்றைய கடைசி ஆளாக மேடையேறினார். எதிரே பெரும்பாலும் வெள்ளைக்கார ஹிப்பிக் கூட்டம். ஐந்தே பாட்டுகள். ஐந்தாவது இது. அதன் படப்பதிவு இருக்கிறது, பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும். போகவேண்டிய நேரம் வந்தும் போக மனமில்லாமல் மீண்டும் மீண்டும் பாட்டுக்குள் திரும்பி வருவார்.

அதே மேடையில் 'ரெஸ்பெக்ட்' பாட்டைத் தொடங்கும் முன் அவர் ஒன்று சொன்னார்: ஒரு பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு இது என்று. அந்தப் பெண் அரீதா ஃபிராங்க்ளின். 'ரெஸ்பெக்ட்' ரெடிங்கே எழுதி 1965-இல் பாடியது. 1967-இல் அரீதா அதைப் பெண்ணின் வாயிலிருந்து வரும் கோரிக்கையாகத் திருப்பிப் பாடினார், அது பட்டியலின் உச்சிக்குப் போனது. இன்று 'ரெஸ்பெக்ட்' என்றால் யாருக்கும் ரெடிங் நினைவு வருவதில்லை. ஒரே மனிதர், ஒரு பாட்டைப் பிறரிடமிருந்து எடுத்துத் தனதாக்கினார். தன் பாட்டு ஒன்றைத் தன் கண் முன்னாலேயே பறிகொடுத்தார். அரீதாவும் 'டெண்டர்னஸ்' பாடியிருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் அழகாகிறது: ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதைக் 'கவர்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அன்றைய அமெரிக்காவில் ஒரு கசப்பான வரலாறு உண்டு என்பதால் இதைப் பிரித்துச் சொல்லவேண்டும். ஐம்பதுகளில் கறுப்பினப் பாடகர் ஒருவரின் பாட்டு ஏறத் தொடங்கினால், உடனே ஒரு வெள்ளைப் பாடகரை வைத்து அதே பாட்டை முனை மழுக்கிப் பதிவு செய்து வெள்ளையர் வானொலிக்கு அனுப்புவார்கள். ரெடிங்கின் ஊரான மேக்கனைச் சேர்ந்த லிட்டில் ரிச்சர்டுக்கு இது நடந்தது. அவருடைய 'டுட்டி ஃப்ரூட்டி' வந்த சில மாதங்களில் பேட் பூன் அதைப் பாடி, பொதுப் பட்டியலில் அவரைவிட மேலே போனார். ரெடிங் செய்தது இதற்கு எதிர்த்திசை. வெள்ளையர் நடன அறைக்காக எழுதப்பட்ட பாட்டை எடுத்து, முனையில்லாத இடத்தில் முனை வைத்தார்.

1967 டிசம்பர் 9-ஆம் தேதி கிளீவ்லாந்தில் 'அப்பீட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை மீண்டும் பாடினார். பின்னால் வாசித்தவர்கள் பார்-கேஸ் குழுவின் இளைஞர்கள், பதின்ம வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்தவர்கள். மறுநாள் அவர்கள் போன சிறு விமானம் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் அருகே மனோனா ஏரியில் விழுந்தது. அதில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தவர் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான். ரெடிங்குக்கு வயது 26. சாம் குக் இறந்து மூன்று ஆண்டு முடிய ஒரு நாள் பாக்கி.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் பாடியது பாட்டை அல்ல, ரெடிங்கின் பதிவை. இதை அடையாளம் காண்பது எளிது: மெதுவாகத் தொடங்கி, நடுவில் விளிம்புத் தட்டு வந்து, கடைசியில் கொந்தளிப்பு வந்தால், அது 1932-இலிருந்து வரவில்லை, மெம்ஃபிஸிலிருந்து வருகிறது. த்ரீ டாக் நைட் குழு 1969-இல் அப்படித்தான் பாடி 29-ஆம் இடம் வரை வந்தது. ராட் ஸ்டூவர்ட் 1988-இல், மைக்கேல் பூப்ளே 2005-இல் பாடினார்கள். பூப்ளே சினாட்ரா பக்கம் சாய்கிறார். கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் ரெடிங்கைக் கேட்ட காதுக்கு அது இனி வேறு பாட்டு.

சினிமா இந்தப் பதிவை இரண்டு முறை நன்றாகப் புரிந்துகொண்டது. 1986-இல் வந்த 'ப்ரெட்டி இன் பிங்க்' படத்தில், காதலைச் சொல்லத் தெரியாத ஒரு பையன் இசைத்தட்டுக் கடைக்குள் புகுந்து, ரெடிங்கின் குரலுக்கு வாயசைத்து ஆடித் தீர்ப்பான். அவன் காதலிக்கும் பெண் பார்த்துக்கொண்டு நிற்பாள். தனக்கு வராத சொல்லை இன்னொருவர் குரலில் கடன் வாங்குவது, நாம் எல்லோரும் காதல் பாட்டை வைத்துச் செய்வது அதுதானே. 1991-இல் ஆலன் பார்க்கரின் 'த கமிட்மென்ட்ஸ்' படத்தில் டப்ளின் நகரத்து உழைக்கும் வர்க்க இளைஞர்களின் குழு இதைப் பாடும். பாடிய ஆண்ட்ரூ ஸ்ட்ராங் அப்போது பதின்ம வயதுப் பையன். குரலோ நாற்பது வயதுக்காரரின் குரல். கவர்களில் எனக்குப் பிடித்தது இதுதான். அந்த வறுமையும் பழைய உடையும் அந்தப் படத்தின் தெருக்களில் இருப்பதால் பாட்டுக்கு அதன் அடிமண் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

கடைசியாகப் பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். ஒரு பதிவுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: எழுதப்பட்ட பாட்டு ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. பாட்டு கேம்பல், கானலி, உட்ஸ் பெயரில் இருக்கிறது. ஒலிக்கு உரிமை ஸ்டாக்ஸுக்கே இருந்திருக்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் விநியோகம் செய்துவந்த அட்லாண்டிக் நிறுவனத்தோடு 1965-இல் போட்ட ஒப்பந்தத்தை ஜிம் ஸ்டூவர்ட் முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை. 1968-இல் உறவு முறிந்தபோதுதான் தெரிந்தது, அதுவரை விநியோகமான பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று. அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலிகளோ பாட்டை எழுதியவர்களுக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம் தரும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தரவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. ரெடிங்கின் பதிவு வானொலியில் ஓடிய ஒவ்வொரு முறையும் காசு போனது 1932-க்கு.

2011-இல் ஜே-ஸியும் கான்யே வெஸ்ட்டும் சேர்ந்து ஒரு ராப் பாட்டு வெளியிட்டார்கள். ரெடிங்கின் பதிவிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன் மேல் தங்கள் வரிகளைப் போட்டார்கள். பழைய பாட்டின் பெயரை வைக்கவில்லை, பாடியவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: 'ஓடிஸ்'. கிராமி விருதும் வாங்கியது. இறந்து 44 ஆண்டு ஆன ஒருவரை உடன் பாடியவராகவும் குறிப்பிட்டார்கள். எழுதியவர்கள் பட்டியலைப் பார்த்தால் அதில் ஹாரி உட்ஸ் இருக்கிறார், ஜிம்மி கேம்பல் இருக்கிறார், ரெஜினால்ட் கானலி இருக்கிறார். அந்த ஊதுகருவிகளைப் பின்னிய ஐசக் ஹேய்ஸ் அதில் இல்லை. விளிம்பில் தட்டிக் காத்திருந்த அல் ஜாக்சனும் இல்லை.